ஜெபா மாட்டிய சீல்

“இது தண்ணி இல்ல, ஆயிலு,” என்றாள் ஜெபா, விரலை முகர்ந்துவிட்டு.

அவள் கணவன் சாம்சனும் குனிந்து முகர்ந்தான். விடிகாலை ஷிஃப்டுக்குப் போக, வீட்டெதிரே புங்கமரத்தடியில் நின்ற காரைப் பின்னால் எடுத்தபோதுதான் ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தக் கறை கண்ணில் பட்டது. ஒரு தோசை அகலம் இருக்கும். நடுவில் ஈரம் மினுமினுத்தது.

“ஒரு நாள்ல ஒழுவுன மாதிரி தெரியல. ரொம்ப நாளா ஒழுவிக்கினு இருக்குது போல,” என்றான் சாம்சன்.

“நல்லாத்தான ஓடிக்கினு இருக்குது.”

“ஓடறது வேற, ஒழுவறது வேற.”

ஜெபாவுக்குச் சுருக்கென்றது. காரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவளுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆயில் சீல் செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தரப் பரிசோதனை செய்கிறவள் அவள். அவள் சம்பளத்தில் வாங்கிய கார் அது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் அவள் பிறந்த வீட்டில் முதல் கார். வாங்கிய நாளிலிருந்து அவள் கம்பெனி பஸ்ஸில் கால் வைக்கவில்லை. சாம்சனைக் கூட அவனுடைய ஷிஃப்ட் எட்டு மணிக்கு என்றாலும் விடிவதற்கு முன்பே எழுப்பி, காரில் ஏற்றி, அவன் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத்தான் போவாள். அவன் பாவம், செக்யூரிட்டி அறை பெஞ்சில் மிச்சத் தூக்கத்தைத் தூங்குவான்.

இப்போது கவலை வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டில் சாம்சனின் அக்கா ரோசம்மாள் கட்டிய புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். ‘எல்லாரும் வர்றதுக்கு ஒரு வேன் அனுப்பறேன்’ என்று ரோசம்மாள் போனில் சொன்னபோது, ‘வேணாம் அண்ணி, நாங்க எங்க கார்ல வர்றோம்’ என்று ஜெபா சொல்லிவிட்டாள். அதற்கு ரோசம்மாள் சொன்ன பதில்தான் ஒரு வாரமாக அவள் தொண்டையில் நின்றது.

“பழைய வண்டி. நடுவழில நின்னுடப்போவுது, பாத்துக்க.”

அந்தக் கார் ஞாயிறு காலை ரோசம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாக வேண்டும். இல்லையென்றால் ஆயுசுக்கும் எந்த விசேஷம் வந்தாலும் ‘ஜெபாவுக்கு ஒரு வேன் சொல்லுங்க’ என்று ரோசம்மாள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அது நடந்தே தீரும் என்று ஜெபாவுக்குத் தெரியும்.

கறையைப் படம் எடுத்து மெக்கானிக் பாக்கியராஜுக்கு அனுப்பினாள். மதியம் அவன் போன் செய்தான்.

“ஆக்சில் சீலு போயிருக்கும்க்கா. பழைய வண்டின்னா ஷாஃப்டும் ஆட்டம் கண்டிருக்கும். ரெண்டு பக்கமும் ரெண்டையும் மாத்திடுங்க.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிச்சிக் குடுப்பியா?”

“ஷெட்டுல ஆளு இல்லக்கா. அடுத்த வாரம்தான். ஒண்ணு மட்டும் சொல்றேன், சீலு மட்டும் கண்டதயும் வாங்கிடாதீங்க.” அவன் ஒரு கம்பெனி பெயரைச் சொன்னான். “அதான் நிக்கும்.”

அது ஜெபாவின் கம்பெனி. அவளுக்கு மனசெல்லாம் குளிர்ந்துபோனது.

“அதெல்லாம் என் கையைத் தாண்டித்தான் வெளிய வருது, தம்பி,” என்றாள். போனை வைத்தபோது முடிவு எடுத்துவிட்டிருந்தாள். தான் பாஸ் போட்ட சீலைத் தன் வண்டியில் மாட்டுவதற்கு இன்னொருத்தன் எதற்கு?

ராத்திரி அதைக் கேட்டதும் சாம்சன் ஸ்பேனரைத் தேடி எடுத்து வைத்தான். ‘வேணாம்’ என்று கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

புதன்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. சாம்சனும் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தான். போனில் ஒரு வீடியோ பார்த்து ஜெபா அவனுக்குப் பாடம் எடுத்தாள். ஆக்சில் ஷாஃப்ட் என்பது கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற இரும்புத் தண்டு. அது கியர்பாக்ஸுக்குள் நுழைகிற இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொண்டிருக்கிற ரப்பர் வளையம்தான் சீல்.

“அந்த வளையம் இல்லன்னா உலகத்துல ஒரு வண்டி ஓடாது,” என்று முடித்தாள்.

முதல் தடை சக்கரத்தின் நடுவில் இருந்த பெரிய நட். ஸ்பேனரை மாட்டி இருவரும் தொங்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஜெபா பழைய கைப்பம்பிலிருந்து ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரில் செருகி, சாம்சனை அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னாள்.

“குதி.”

“ஜெபா...”

“சும்மா குதி.”

அவன் குதித்தான். நட் கழன்றது. கீழே போகிற வேகத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தான். எழுந்தபோது அவன் கையில் காரின் சைடு மிர்ரர் இருந்தது.

ஜெபா மிர்ரரைப் பார்க்கவில்லை. “கழண்டுச்சு பாத்தியா,” என்றாள் பெருமையாக. பிறகு இருவருமாகக் காரை ஜாக்கியால் தூக்கிக் கட்டை கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு சடையப்பன் வந்து நின்றான். ராத்திரியெல்லாம் காய்கறி லோடு அடிக்கிற சின்ன லோடு வண்டிக்காரன். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

“இன்னாக்கா, வண்டியத் தூக்கிட்ட. எப்ப எறங்கும்?”

“நாளைக்கு.”

“நாளைக்கா,” என்று அவன் ஒரு மாதிரி இழுத்துவிட்டுப் போனான்.

“வயித்தெரிச்சல்,” என்றாள் ஜெபா. “பொம்பள ஒருத்தி வண்டிக்கு அடியில படுத்தா ஊரு கண்ணுக்கு ஆவாது.”

அடுத்து கியர் ஆயிலை வடித்தார்கள். துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் டப் அரைக்கு மேல் நிரம்பியது. சாம்சன் எட்டிப் பார்த்தான்.

“இவ்ளோ நாளா ஒழுவுன வண்டில இவ்ளோ ஆயில் கீதே?”

“சொட்டு சொட்டாத்தான் போவும். கொடத்த கவுத்த மாதிரியா போவும்?”

பழைய ஷாஃப்டை உருவ ஜெபா கடப்பாரையால் நெம்பினாள். வராது வராது என்றிருந்தது திடீரென்று வந்தது. ஜெபா ஒரு பக்கம், ஷாஃப்ட் ஒரு பக்கம், டப் ஒரு பக்கம். எண்ணெய் தெருவில் நிதானமாக நடந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் ஏறியது. மிச்ச மாலை முழுவதும் சாம்சன் மரத்தூள் போட்டுத் தெருவைப் பெருக்கினான்.

ஜெபா பழைய சீலைத் துடைத்து, பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். ரப்பர் உதட்டில் கிழிசல் இல்லை. ஒரு முகத்தில் மெல்லிய கம்பி ஸ்பிரிங் வளையமாக ஓடும், அதுவும் இடத்தில் இருந்தது. கம்பெனியில் இது அவள் கைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் பாஸ் தட்டில் போட்டிருப்பாள்.

“நல்லாத்தான கீது?” என்றான் சாம்சன்.

“உனக்கு அப்படித்தான் தெரியும். இது கண்ணுக்குத் தெரியாத கோளாறு. கண்டுபுடிக்க பதினோரு வருஷ சர்வீஸ் வேணும்.”

வியாழக்கிழமை கம்பெனிக்குப் பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. ஏறியதுமே பக்கத்து மேஜைக்காரி பூவம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாடி, கார் இன்னா ஆச்சு?”

“ஷெட்ல கீது.”

“எந்த ஷெட்டு?”

“என் ஷெட்டு. நானே ஆக்சில் மாத்தறேன்.”

முன் சீட்டுக்காரிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்று நாஷ்டா நேரத்தில் லைன் முழுக்க விஷயம் பரவிவிட்டது. சூப்பர்வைசர் கூட வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஜெபா டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஷாஃப்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். இனி இதில் தோற்றால் ரோசம்மாளிடம் மட்டுமல்ல, லைன் முழுக்க முகம் காட்ட முடியாது.

மதியம் புது ஷாஃப்டை மாட்டிப் பார்த்தாள். வலது பக்கத்துக்கு வாங்கியது எட்டவே இல்லை. இடது பக்கத்துக்கு வாங்கியது உள்ளே போகாமல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கடைக்காரனுக்குப் போன் போட்டு, என்ன சாமான் கொடுத்தாய் என்று ஜெபா ஒரு பிடி பிடித்தாள். அவன் பதிலுக்குக் கத்த, இவள் இன்னும் கத்த, சாம்சன் மெதுவாக அவள் தோளைத் தொட்டான்.

“நீ வண்டிக்கு எதிர்க்க நிக்கற ஜெபா. உன் சோத்துக்கை பக்கம் அதுக்கு லெஃப்டு.”

ஜெபா போனை அணைத்தாள்.

“எனக்குத் தெரியாதா? மாத்திப் போட்டா சேருமான்னு பாத்தேன்.”

அன்றைக்கும் சடையப்பன் வந்தான். கழுத்தில் வேர்வை வழிய, துண்டால் விசிறிக்கொண்டே, “இன்னிக்கும் எறங்கலியா?” என்றான்.

“ஏம்பா, என் வண்டி எறங்கினா உனக்கு இன்னா, எறங்காட்டி உனக்கு இன்னா?”

“ஒண்ணும் இல்லக்கா. பேஜாரா கீது, அதான்,” என்று போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக வந்தது. புது சீல் இரண்டையும் மரக்கட்டை வைத்து, நோகாமல் தட்டித் தட்டி, ஜெபா தன் கையால் இறக்கினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல உட்கார்ந்தன. ஷாஃப்ட் இரண்டும் ‘டக்’ என்று போய்ப் பூட்டிக்கொண்டன. புது கியர் ஆயில் ஊற்றினார்கள். ஜெபா எழுந்து, இடுப்பில் கையை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டாள்.

பெருமூச்சு முடிவதற்குள் சாம்சன் கீழே பார்த்துவிட்டான்.

இரண்டு பக்கமும் எண்ணெய் வந்துகொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக இல்லை, நூல் பிடித்தாற்போல.

“முன்னாடியே தேவலாம் போலக்கீதே,” என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ரோசம்மாள் போனில் வந்தாள். தம்பி சாம்சன் உளறியிருப்பான் போல, ஆயில் விஷயம் அவளுக்கு முழுசாகத் தெரிந்திருந்தது.

“ஜெபா, வேனே சொல்லிடட்டா? அதுவும் இல்லாம போர்டிகோல இப்பதான் புது டைல்ஸ் போட்டுக்கீது. வெள்ளக் கலரு. ஒழுவுற வண்டிய அதுமேல ஏத்தினா கற போவாது.”

“நாளைக்கு சாய்ந்தரம் சொல்றேன் அண்ணி,” என்றாள் ஜெபா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. சாம்சன் துண்டை நனைத்துக்கொண்டுவந்து துடைத்துவிட்டான்.

“வேன்ல போனா இன்னா இப்போ?” என்றான்.

“நீ போ வேன்ல,” என்றாள்.

சனிக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு. ஜெபா தன் மேஜையில் உட்கார்ந்து, எதிரே இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு நிறைய சீல்கள். ஸ்பிரிங்கைச் சோதிப்பதுதான் அவள் வேலை என்பதால், லைனில் இருந்து வரும்போதே ஸ்பிரிங் முகம் மேலே இருக்கும்படி அடுக்கித்தான் அனுப்புவார்கள். பதினோரு வருஷமாக அவள் சீலின் அந்த முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். நேற்று வண்டியிலும் அந்த முகம் தன்னைப் பார்க்கும்படியே வைத்துத் தட்டியிருந்தாள்.

ஒரு சீலை எடுத்தாள். மெதுவாகத் திருப்பினாள். ஸ்பிரிங் எதற்காக இருக்கிறது? எண்ணெய் தள்ளும்போது உதட்டை இறுக்கிப் பிடிப்பதற்காக. அப்படியென்றால் அது பார்க்க வேண்டியது எண்ணெயை. ஜெபாவை அல்ல.

அவள் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள்.

“இன்னாடி ஆச்சு உனக்கு?” என்றாள் பூவம்மாள்.

“இத்தினி வருஷமா இது என்னயே பாத்துக்கினு இருந்துக்கீது பூவு. நான்தான் தப்பா புரிஞ்சிக்கினேன்.”

பூவம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் இன்னும் இரண்டு சீல் வாங்கினாள். இந்த முறை அவள் கை தடுமாறவே இல்லை. நட்டுக்கு சாம்சன் குதிக்கவும் தேவைப்படவில்லை. ஷாஃப்டை உருவினாள், நேற்று மாட்டிய சீல்களை நெம்பி எடுத்தாள், ஸ்பிரிங் முகம் உள்ளே எண்ணெயைப் பார்க்க, புதியதை இறக்கினாள், பூட்டினாள், ஆயில் ஊற்றினாள். எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. பிறகு உள்ளே போய் சாம்சனின் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து காருக்கு அடியில் ஒரு பாயைப் போட்டு அதன் மேல் விரித்தாள்.

“ஞாயித்துக்கெழமை கட்றதுக்கு வெச்சிருந்தது,” என்றான் அவன்.

“அதான் விரிக்கறேன்.”

அவள் நம்பிக்கை அப்படி. காலையில் தெருவே கூடிவிட்டது. ஜெபா வேட்டியை உருவி எடுத்து, இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். ஒரு புள்ளி இல்லை. சாம்சன் அதையே உதறிக் கட்டிக்கொண்டான்.

வேப்பம்பட்டு வரைக்கும் ஜெபா ஹாரன் அடித்துக்கொண்டேதான் போனாள். ஒரு பக்கம் மிர்ரர் இல்லாதது அவளுக்குக் குறையாகவே தோன்றவில்லை, திரும்பிப் பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

ரோசம்மாள் கேட்டருகே நின்று இரண்டு கையையும் குறுக்கே நீட்டினாள்.

“ஜெபா, டைல்ஸு...”

ஜெபா நிறுத்தவில்லை. நேரே போர்டிகோவில் ஏற்றினாள். வெள்ளை டைல்ஸ். வந்த சொந்தமெல்லாம் குனிந்து பார்க்க, பிரதிஷ்டை ஜெபம் ஆரம்பித்து, பாட்டு முடிந்து, போதகர் ஆசீர்வாதம் சொல்லி, பிரியாணி பந்தியும் முடிந்தது. ரோசம்மாளே போய் முந்தானையைச் செருகிக்கொண்டு, தரையில் கையூன்றிக் காருக்கு அடியில் பார்த்தாள். எழுந்தவள் முகம் மாறியிருந்தது.

“ஒரு சொட்டு இல்ல,” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. “எங்க ஜெபாவே சக்கரத்தக் கழட்டி, ஆக்சில் மாத்தி, சீலு போட்டுக்கீறா. எங்க குடும்பத்துல ஆம்பளைங்க ஒருத்தனுக்கும் வராது.”

‘எங்க ஜெபா.’ இத்தனை வருஷத்தில் ரோசம்மாள் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. ரோசம்மாளின் கணவர் தன் காரில் ஏதோ சத்தம் வருகிறது, ஒரு கண் பார்த்துச் சொல்ல முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஜெபா பானெட்டைத் திறக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “பாக்கலாம், கொண்டாந்து உடுங்க,” என்றாள். சாம்சன் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, “என் வைஃப்பு,” என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஊர் திரும்பினார்கள். ஜெபா காரைப் புங்கமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினாள். தெருவில் நின்றிருந்தவர்களிடம் டைல்ஸ் கதையை ஆதியிலிருந்து சொன்னாள். நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், பிறகு மருந்து சுலபம் என்றாள். ஒரு சொட்டு எண்ணெயைப் பார்த்தே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சடையப்பன் முன்னால் வந்தான். முகத்தில் பொறாமை ஒன்றும் இல்லை, கும்பிடாத குறைதான்.

“அப்ப நாளைக்கு கார்லதான டூட்டிக்குப் போவ?”

“பின்ன பஸ்லயா போவேன்?”

“அப்பாடா,” என்றான் சடையப்பன். “தெனம் நீ கெளம்புனதும் நம்ம லோடு வண்டிய இந்த நெழல்ல உட்டுட்டு அதுலயே படுத்துத் தூங்கி, நீ வர்றதுக்குள்ள எடுத்துக்கினு போயிடுவேன், மூணு நாளா வெயில்ல வெந்துட்டேன்க்கா. அப்படியே உன் கையால அதுக்கும் ஒரு சீலு மாட்டிக் குடு, மூணு மாசமா ஆயிலு ஒழுவி உன் எடத்தையே கறையாக்கி வெச்சிக்கீது.”